சேலத்துக்கு நேர் வடக்கே ஒரு குண்டுவிமானப் பள்ளிக்கூடம்

மொபைலில் மேப்பைத் திறந்து சேலம் ஜங்ஷன் மேல் விரலை வையுங்கள். இப்போது விரலை வளைக்காமல் நேராக வடக்கே இழுங்கள். ஓமலூர் வரும், தர்மபுரி வரும், கிருஷ்ணகிரி ஓரமாக வரும். எல்லையைத் தாண்டி அதே கோட்டில் போனால் கோலார். சேலமும் கோலாரும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில், சுமார் 78.1 டிகிரியில் இருக்கின்றன. நேர்கோட்டுத் தூரம் 165 கிலோமீட்டர் அளவுதான்.

கோலார் என்றதும் "கே.ஜி.எஃப்" என்று கத்துவீர்கள். தங்கவயல் வேறு ஊர், அது கொஞ்சம் தள்ளி இருக்கிறது. நான் சொல்ல வந்தது மாவட்டத் தலைநகரான கோலார் டவுனை ஒட்டி இருந்த விமானத்தளம் பற்றி. 1944-இல் பிரிட்டிஷ் ராயல் ஏர் ஃபோர்ஸின் 1673-ஆம் ஹெவி கன்வர்ஷன் யூனிட் அங்கேதான் இருந்தது. நான்கு என்ஜின் குண்டுவிமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்த பள்ளிக்கூடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம்ம ஊரிலிருந்து இரண்டு மணி நேர பஸ் தூரத்தில் உள்ள கிருஷ்ணகிரிக்குக் கொஞ்சம் மேலே இப்படி ஒன்று இருந்தது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

போர்க் கதை என்றால் நாம் சண்டையைத்தான் படிக்கிறோம். யார் எதைக் குண்டு போட்டு உடைத்தான், யார் யாரைச் சுட்டான் என்று. ஆனால் இன்ஜினியரிங் படிக்கிற நமக்குப் பிரயோஜனமானது இந்தப் பயிற்சி யூனிட் கதைதான் என்பது என் கட்சி. ஒன்றுமே தெரியாதவனுக்குக் கற்றுக்கொடுப்பது சுலபம். ஏற்கெனவே நன்றாகத் தெரிந்தவனுக்கு வேறு ஒன்றைக் கற்றுக்கொடுப்பதுதான் கஷ்டம். அந்தக் கஷ்டத்துக்காகவே கட்டப்பட்டது ஹெவி கன்வர்ஷன் யூனிட்.

நாமக்கல் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆறு சக்கர லாரியை இருபது வருஷம் ஓட்டின டிரைவரை நேராகக் கேஸ் டேங்கரில் உட்கார வைத்து மங்களூருக்கு அனுப்ப எந்த முதலாளியும் சம்மதிக்க மாட்டார். "எனக்குத் தெரியாதா?" என்று அந்த டிரைவர் கேட்பார். தெரியும், அதுதான் பிரச்சினை. பிரேக் எங்கே பிடிக்கணும், வளைவில் எவ்வளவு ஒடிக்கணும் என்று கையும் காலும் பழகிவிட்டது. வண்டி மாறியது மூளைக்குத் தெரியும், காலுக்குத் தெரியாது.

கோலாருக்கு வந்த விமானிகளும் அப்படித்தான். இவர்களில் பலரும் வெலிங்டன் என்ற இரட்டை என்ஜின் குண்டுவிமானத்தில் பழகியவர்கள். பார்ன்ஸ் வாலிஸ் என்ற பொறியாளர் உருவாக்கிய கட்டமைப்பு அதற்கு. உலோகப் பட்டைகளைக் கூடை முடைவது போலக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, அதன் மேல் துணியைப் போர்த்தியிருப்பார்கள். குண்டு துளைத்து ஒரு பக்கம் பிய்ந்து போனாலும் மற்ற பட்டைகள் பாரத்தை வாங்கிக்கொள்ளும். நல்ல விமானம். ஆனால் வங்காளத்திலிருந்து மலாயா வரை போய்த் திரும்ப அதனால் முடியாது. அந்தத் தூரத்துக்கு ஏற்றது அமெரிக்காவின் கன்சாலிடேட்டட் நிறுவனத்தின் லிபரேட்டர். பி-24 என்பார்களே, அதுதான். 18,000க்கும் மேல் தயாரிக்கப்பட்ட விமானம். ஃபோர்டு கம்பெனியின் வில்லோ ரன் தொழிற்சாலையில் உச்சகட்டத்தில் சுமார் ஒரு மணி நேரத்துக்கு ஒன்று வீதம் வெளியே வந்தது.

ஒன்றை விட்டு இன்னொன்றுக்கு மாறுவதில் என்ன அவ்வளவு கஷ்டம்? கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

வெலிங்டனின் அதிகபட்ச எடை சுமார் 16.5 டன். கடைசி மாடல்களில் என்ஜினுக்குச் சுமார் 1,600 குதிரைத்திறன், இரண்டு என்ஜின். லிபரேட்டர் முழுப் பாரத்தோடு சுமார் 28 டன். 1,200 குதிரைத்திறன் கொண்ட பிராட் அண்ட் விட்னி என்ஜின்கள் நான்கு. வகுத்துப் பாருங்கள். வெலிங்டனில் டன்னுக்கு 194 குதிரைத்திறன், லிபரேட்டரில் 171. நான்கு என்ஜின் இருக்கிறதே என்று நினைத்தவன் ஏமாந்தான். பெரிய வண்டி, எடைக்கு ஏற்ற இழுவை குறைவு.

இறக்கையைப் பார்ப்போம். லிபரேட்டரின் இறக்கை நுனிக்கு நுனி 110 அடி, பரப்பு 1,048 சதுர அடி. நீளத்தின் வர்க்கத்தைப் பரப்பால் வகுத்தால் 11.5 வரும். ஆஸ்பெக்ட் ரேஷியோ என்று ஏரோ பசங்க சொல்வார்களே, அதுதான். வெலிங்டனுக்கு இது 8.8 அளவு. நீண்டு ஒடுங்கிய இறக்கையில் இழுவிசை குறைவு, அதனால் அதே பெட்ரோலுக்கு அதிகத் தூரம் போகலாம். டேவிட்ஸ் என்று சிலர் தப்பாக எழுதுகிறார்கள், டேவிஸ் இறக்கை என்பதே சரி. ஆனால் சும்மா எதுவும் கிடைக்காது. ஒரு சதுர மீட்டர் இறக்கை தாங்க வேண்டிய எடை வெலிங்டனில் 211 கிலோ என்றால் லிபரேட்டரில் 287 கிலோ. வேகம் இந்த விகிதத்தின் வர்க்கமூலத்தில் ஏறும். அதாவது பறப்பதற்கும் இறங்குவதற்கும் சுமார் 16 சதவீதம் கூடுதல் வேகம் தேவை. வெலிங்டன் கையோடு லிபரேட்டரைத் தரைக்குக் கொண்டுவந்தால் நடுவானிலேயே அது தூக்குவதை நிறுத்திவிடும்.

அடுத்தது சக்கரம். இதுதான் எனக்குப் பிடித்த பகுதி. வெலிங்டனுக்கு மூன்றாவது சக்கரம் வாலில். விமானத்தின் எடைமையம் முன்சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கும். இறங்கும்போது மூக்கைத் தூக்கி, மூன்று சக்கரமும் ஒன்றாகத் தரையைத் தொடும்படி அமர்த்த வேண்டும். கொஞ்சம் கோணலாக இறங்கினால் பின்னால் இருக்கும் எடை முன்னால் வரப் பார்க்கும், விமானம் பம்பரம் மாதிரி சுற்றிவிடும். சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியைத் திருப்பி வைத்துத் தள்ளிப் பாருங்கள், புரியும். லிபரேட்டருக்கு மூன்றாவது சக்கரம் மூக்கில். எடைமையம் பிரதான சக்கரங்களுக்கு முன்னால். கோணலாக இறங்கினாலும் தானே நேராகிக்கொள்ளும். ஆகவே சுலபம்தானே என்பீர்கள். ஆனால் இருநூறு முறை வால் சக்கரத்தோடு இறங்கிய கை, களைத்துப்போன ராத்திரியில் என்ன செய்யும்? பழையபடி மூக்கை இழுத்துத் தூக்கும். அல்லது பயந்து மூக்கை முதலில் தரையில் இடிக்கும். மூக்குச் சக்கரத்தின் கால் அந்த இடியைத் தாங்கக் கட்டப்பட்டது இல்லை.

உள்ளே வாழ்வதும் வேறு மாதிரி. வெலிங்டனில் ஐந்தாறு பேர். லிபரேட்டரில் எட்டு முதல் பத்துப் பேர் வரை. முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் போக, குண்டுகள் தொங்கும் அறைக்கு நடுவே சுமார் ஒன்பது அங்குல அகலத்தில் ஒரு பாலம். பாராசூட்டைக் கட்டிக்கொண்டு அதில் நடக்கவே முடியாது. இறக்கைக்குள் இருக்கும் தொட்டிகளிலிருந்து பெட்ரோல் ஆவி கசியும் என்பது ஊரறிந்த விஷயம். அதனால் குண்டு அறைக் கதவைச் சிறிது திறந்து வைத்துப் பறந்தவர்கள் உண்டு. கடை ஷட்டர் போல உருண்டு ஏறும் கதவு அது. கடலில் இறங்க நேர்ந்தால் அந்த மெல்லிய ஷட்டர்தான் முதலில் நொறுங்கும், தண்ணீர் உள்ளே பாயும். இதையெல்லாம் சேர்த்துத்தான் அந்தப் பையன்கள் படித்தார்கள். பையன்கள் என்று சொல்வது சரிதான். பெரும்பாலானோர் நம் ஃபைனல் இயர் வயசு, அதிகம் போனால் இரண்டு மூன்று வருஷம் கூட.

இப்போது கோலார் மண்ணுக்கு வருவோம். கோலார் கடல்மட்டத்திலிருந்து சுமார் 820 மீட்டர் உயரம். சேலம் 280 மீட்டர் சொச்சம். நம்ம தெர்மோ பேப்பரில் வரும் அதே வாயுச் சமன்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 35 டிகிரி வெயிலில் கோலாரில் காற்றின் அடர்த்தி கன மீட்டருக்குச் சுமார் 1.04 கிலோ. கடல்மட்டத்தின் நிலையான மதிப்பு 1.225. ஆக 15 சதவீதம் குறைவு. அதே வெயிலில் சேலத்தில் 9 அல்லது 10 சதவீதம்தான் குறையும். காற்று மெலிந்தால் அதே எடையைத் தூக்க வேகம் 8, 9 சதவீதம் கூட வேண்டும். ஓடுபாதையில் ஓட வேண்டிய தூரமோ வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், கிட்டத்தட்ட 18 சதவீதம். டர்போ சூப்பர்சார்ஜர் என்ஜினுக்குக் காற்றை அமுக்கிக் கொடுக்கும், இறக்கைக்கு அப்படி யாரும் கொடுக்க மாட்டார்கள். கூடவே நான்கு என்ஜினின் சூட்டையும் பார்த்துக்கொண்டே ஓட வேண்டும். லண்டன் பக்கத்துக் குளிரில் பறந்து பழகியவனுக்கு இந்த மத்தியானம் ஒரு தனி சிலபஸ்.

கோலார் தனியாகவும் இல்லை. பக்கத்தில் யலஹங்காவில் மாஸ்கிடோ விமானத்துக்கான பயிற்சி யூனிட் இருந்தது. மரத்தில் செய்த விமானம் அது. 1944 கடைசியில் இந்தியாவில் இருந்த மாஸ்கிடோக்களின் இறக்கை ஒட்டுகள் விட்டுப்போய், எல்லாவற்றையும் தரையிலேயே நிறுத்திவைத்துச் சோதிக்க வேண்டியதாயிற்று. மெட்டீரியல் சயின்ஸ் பேராசிரியர்கள் இதை ஒரு வகுப்பு எடுக்கலாம். பெங்களூரிலேயே வால்சந்த் ஹிராசந்த் மைசூர் அரசோடு சேர்ந்து 1940-இல் தொடங்கிய ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் தொழிற்சாலை, போர்க்காலத்தில் அமெரிக்க விமானப்படையின் பழுதுபார்க்கும் மையமாக மாறியிருந்தது. அந்தத் தொழிற்சாலை இந்தக் கதையில் மறுபடியும் வரும்.

1944 நடுவில் 215-ஆம் ஸ்குவாட்ரன் வெலிங்டனை விட்டுவிட்டுக் கோலாருக்கு வந்து லிபரேட்டருக்கு மாறியது. அப்புறம் வங்காளத்தில் உள்ள திக்ரி தளத்துக்குப் போய்ச் சண்டையில் இறங்கியது. அந்த வருஷம் நவம்பர் 8-இல் பள்ளிக்கூடமே மறைந்துவிட்டது. 1673 யூனிட்டின் ஆட்களை வைத்துக் கோலாரிலேயே 358-ஆம் ஸ்குவாட்ரனை உருவாக்கினார்கள். ஆசிரியர் யார், மாணவர் யார் என்ற பேதமில்லாமல் எல்லாரும் போருக்கு. நம்ம காலேஜில் ஒருநாள் காலை வந்து பார்த்தால் போர்டை மாற்றி கம்பெனி என்று எழுதியிருந்தால் எப்படி இருக்கும்?

குண்டு போடுவதற்காக உருவான அந்த ஸ்குவாட்ரன் குண்டு போட்டது ஒரே ஒரு தடவை. 1945 ஜனவரி 13-இல், மாண்டலே மேல், எட்டு விமானங்கள். அதோடு சரி. பிறகு அதை ரகசிய வேலைக்கு மாற்றிவிட்டார்கள். ஜப்பானியர் பிடியிலிருந்த சயாம், இந்தோசீனா, மலாயாவின் காடுகளில் ராத்திரி நேரத்தில் ஒற்றர்களையும் ரேடியோ பெட்டிகளையும் ஆயுதங்களையும் பாராசூட்டில் இறக்கும் வேலை. கோலாரில் படித்த பாடத்தில் இது எவ்வளவு இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். உயரத்தில் கூட்டமாகப் பறக்கப் பழகியவர்கள், தனியாக மலைகளுக்கு நடுவே தாழப் பறந்து, காட்டுக்குள் எரியும் நாலு தீப்பந்தங்களைத் தேட வேண்டும். மழைமேகத்தில் மலையில் மோதிப் போனவர்கள் உண்டு, ஜப்பானியர் சுட்டு விழுந்தவர்களும் உண்டு. 1945 நவம்பர் 21-இல் வங்காளத்து பிஷ்ணுபூரில் ஸ்குவாட்ரன் கலைக்கப்பட்டது. மொத்த ஆயுசே ஒரு வருஷமும் பதின்மூன்று நாளும்.

தூரம் எப்படிக் கூடியது என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் அது முழுக்க முழுக்க நம்ம டிபார்ட்மென்ட் வேலை. திக்ரியிலிருந்த 159-ஆம் ஸ்குவாட்ரனின் தலைவர் ஜேம்ஸ் பிளாக்பர்ன், லிபரேட்டரின் எரிபொருள் செலவைத் திரும்பத் திரும்பச் சோதித்துப் பார்த்தவர். எந்த எடையில் எந்த வேகம், என்ஜின் சுழற்சியைக் குறைத்து உள்ளழுத்தத்தைக் கூட்டினால் எவ்வளவு மிச்சம் என்றெல்லாம். சுழற்சி குறைந்தால் உராய்வில் போகும் சக்தி குறையும். டாப் கியரில் ஆக்சிலேட்டரைப் பார்த்து மிதிக்கிற நம்ம ஊர் லாரி டிரைவரின் தந்திரமும் இதேதான். அந்தச் சிக்கனத்தின் பலனாக 1944 அக்டோபர் 27-இல் 15 லிபரேட்டர்கள் பினாங்குத் துறைமுகம் வரை போய்க் கடலில் கண்ணிவெடிகளைப் போட்டுத் திரும்பின. போக வர 3,000 மைல். ஜப்பானிய, ஜெர்மானிய நீர்மூழ்கிகளுக்குத் தளமாக இருந்த துறைமுகம் அது.

பினாங்கு என்றதும் நமக்கு வேறொன்றும் நினைவு வர வேண்டும். அந்தத் துறைமுகத்தில்தான் தலைமுறை தலைமுறையாக நம் ஆட்கள் கப்பலிலிருந்து இறங்கி ரப்பர் தோட்டங்களுக்குப் போனார்கள். அதே தோட்டங்களிலிருந்து ஜப்பானியர்கள் பல்லாயிரக்கணக்கான தமிழர்களைச் சயாம்-பர்மா ரயில் பாதை வேலைக்கு இழுத்துப் போனார்கள். 415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபரில் இணைந்தது. நேச நாட்டுப் போர்க்கைதிகள் சுமார் 60,000 பேர் அங்கே உழைத்தார்கள், 12,000க்கும் மேல் இறந்தார்கள். அவர்களுக்குப் பெயர் எழுதிய கல்லறைகள் இருக்கின்றன. அவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக இறந்த ஆசியத் தொழிலாளர்களுக்கு, அதில் பெரும் பங்கான தமிழர்களுக்கு, அப்படி எதுவும் இல்லை. காலரா வந்த முகாம்களில் எண்ணுவதற்குக்கூட ஆளில்லாமல் செத்தார்கள்.

அந்தப் பாதையின் பாலங்களையும் நிலையங்களையும் உடைக்கத்தான் லிபரேட்டர்கள் போயின. காஞ்சனபுரி அருகே இருந்த பாலங்கள் 1944 கடைசியிலிருந்து 1945 நடுவரை பல தடவை தாக்கப்பட்டன. பாலத்தை ஒட்டியே கைதிகளின் முகாம்கள். சில அடி தவறிய குண்டுகள் அங்கேயும் விழுந்தன, தங்கள் பக்கத்து ஆட்களையே கொன்றன. பர்மாவிலிருந்த ஜப்பானியப் படைக்கு அரிசியும் தோட்டாவும் போகாமல் தடுத்தது இந்தத் தாக்குதல் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் நம் பக்கத்து வானத்தில் கற்றுக்கொண்ட வித்தை, நம் ஜனங்களின் எலும்பு மேல் போட்ட தண்டவாளத்தைத் தேடிப் போனது என்பதை ஒரு வரியில் தாண்டிப்போக எனக்கு மனசு வரவில்லை. "யார் ஜெயித்தார்கள்?" என்ற கேள்விக்குப் பாடப்புத்தகத்தில் பதில் இருக்கிறது. அந்தத் தொழிலாளி மேலே பார்த்தபோது என்ன நினைத்தான் என்பதற்கு இல்லை.

பயிற்சியிலேயே போனவர்களையும் மறந்துவிடக் கூடாது. ஐரோப்பாவில் சண்டையிட்ட பாம்பர் கமாண்டில் இறந்தவர்கள் 55,573 பேர். அதில் 8,000க்கும் மேற்பட்டோர் போனது பயிற்சியிலும் விபத்துகளிலும்தான். இந்தியத் தளங்களும் இதற்கு விலக்கில்லை. சென்னை நந்தம்பாக்கத்தில் போர்க் கல்லறை இருக்கிறது, பரங்கிமலைப் பக்கம் போகிறவர்கள் பார்த்திருக்கலாம். தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் சிதறிக் கிடந்த கல்லறைகளைப் போருக்குப் பின் ஒன்றுசேர்த்து அமைத்த இடம், 850க்கும் மேற்பட்ட கல்லறைகள். அடுத்த முறை இன்டர்வியூவுக்குச் சென்னை போனால் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். கல்லில் உள்ள வயதை மட்டும் படித்துக்கொண்டே நடங்கள்.

இந்தியர்கள் இதில் எங்கே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. போர் முழுவதும் இந்திய விமானப்படைக்கு நான்கு என்ஜின் குண்டுவிமானம் ஒன்றுகூடக் கொடுக்கப்படவில்லை. வெஞ்சன்ஸ் என்ற ஒற்றை என்ஜின் டைவ் பாம்பர்தான் கிடைத்த அதிகபட்சம். ஓடுபாதை போட மண் சுமந்தவர்கள் நம்மவர்கள், ஓட்டுகிற இருக்கை நமக்கில்லை.

அந்த இருக்கை கிடைத்த விதம் வேடிக்கையானது. லிபரேட்டர்கள் அமெரிக்காவின் லெண்ட்-லீஸ் ஒப்பந்தத்தில் வந்தவை. போர் முடிந்ததும் அவற்றைப் பறக்க முடியாதபடி செய்துவிட வேண்டும். கான்பூரில் வரிசையாக நிறுத்தி, கருவிகளை உடைத்து, உடலைச் சேதப்படுத்திவிட்டுப் பிரிட்டிஷார் கிளம்பினார்கள். சுதந்திரத்துக்குப் பின், புது குண்டுவிமானம் வாங்கக் காசில்லாத நேரத்தில், ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் ஆட்கள் போய் அந்தக் குப்பையைப் பார்த்தார்கள். ஒன்றின் பாகத்தை இன்னொன்றில் மாட்டி, பறக்கிற அளவுக்கு மட்டும் தேற்றி, பெங்களூருக்குக் கொண்டுவந்தார்கள். 40க்கும் மேற்பட்ட விமானங்கள். தலைமைச் சோதனை விமானி ஜம்ஷெட் முன்ஷி அவற்றைக் கான்பூரிலிருந்து ஓட்டி வந்தார். அவருக்கு எந்தக் கன்வர்ஷன் யூனிட்டும் கிடையாது. பெங்களூரில் முழுமையாகச் செப்பனிடப்பட்ட விமானங்களோடு 1948 நவம்பரில் இந்திய விமானப்படையின் 5-ஆம் ஸ்குவாட்ரன் தொடங்கியது.

உலகமே லிபரேட்டரைப் பழைய இரும்புக்குப் போட்ட பிறகும் இந்தியா 1968 வரை அதைப் பறக்கவிட்டது. கடைசியில் அருங்காட்சியகங்கள் தேடி வந்தன. கனடாவுக்கு ஒன்று, அமெரிக்காவின் அரிசோனாவுக்கு ஒன்று, டெல்லி பாலத்தில் ஒன்று. 1974-இல் பிரிட்டனுக்கும் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தோம். கே.என்.751 என்ற எண் கொண்ட அது ராயல் ஏர் ஃபோர்ஸின் 99-ஆம் ஸ்குவாட்ரனில் இருந்தது. கான்பூரில் உடைத்துப் போட்டுவிட்டுப் போனவர்களின் மியூசியத்தில் இப்போது நிற்பது பெங்களூரில் ரிப்பேர் ஆன வண்டி.